மதகுக்காரியின் நான்காவது வரி

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நேற்றுதான் போனில் கேட்டேன், "இருக்கேன்" என்றாய். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எதற்குக் கடிதம் என்று முழிக்காதே. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மெசேஜ் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறாய். காகிதத்துக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

நீ கதை எழுதுகிற 'உப்புக்கோட்டை' போன் விளையாட்டின் ஐந்தாம் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். "நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுக்கா, சும்மா சூப்பர்னு சொல்லாதே" என்று நீதான் கேட்டாய். பல் லேப்பில் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், வீட்டில் அம்மா தூங்கும்போது கொஞ்சம் என்று விளையாடினேன். பல் செட் செய்கிறவளுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டாம். ஒரு வசனத்தைக்கூடத் தாண்டிப் போகவில்லை.

முதலில் நல்லது. ஆடு விற்க வந்தவன் பேரம் பேசிப் பேசிக் கடைசியில் ஆட்டோடு சேர்ந்து தானும் வேலைக்கு வந்துவிடுகிறானே, வாய்விட்டுச் சிரித்தேன். வில்லன் ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சரி. எங்கள் பல் டாக்டர்களும் "வலிக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லித்தான் ஊசியை எடுப்பார்கள். வெள்ளம் ஏறும் இடத்தில் பாட்டை நிறுத்தி மழைச் சத்தத்தை மட்டும் விட்டாய் பார், அம்மா பாதித் தூக்கத்தில் "ஜன்னலைச் சாத்துடி" என்றாள். இதைவிட என்ன பாராட்டு வேண்டும் உனக்கு?

இனி கெட்டது. ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் ஒரு கூட்டம் நண்டு. அடித்து முடித்தால் இன்னொரு கூட்டம். யார் என்ன சொன்னார்கள் என்பதே மறந்துபோகிறது. அந்த இளவரசன் வாயைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பேசுகிறான். தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட அவனுக்கு ஒரு பத்தி தேவைப்படுகிறது.

அடுத்து அந்த மதகுக்காரி, கதாநாயகனின் அக்கா. மதகுச் சக்கரத்தை யாராவது பிடித்துக்கொண்டே நின்றால்தான் வெள்ளம் வராது, அவன் கால்வாயைத் தாண்டலாம். அவள் பிடிக்கிறாள், அவன் தாண்டுகிறான், தண்ணீர் அவளைக் கொண்டுபோகிறது. அந்த இடத்துக்கு வந்தபோது நான் லேப்பில் அச்சு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். கலக்கினால் உடனே ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். போனை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள்.

"போ, நான் பாத்துக்கறேன்."

சற்றுப் பொறுத்து, "என்னைப் பத்திக் கவலைப்படாதே." இன்னும் பொறுத்து, "நேரமாகுது பாரு, கிளம்பு." அதற்கப்புறம் மறுபடி முதலிலிருந்து. நான் ஊற்றி முடித்து, கை கழுவி, துடைத்துக்கொண்டு வரும் வரைக்கும் அந்த மூன்று வரியையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவுதானா அவளுக்கு? மூன்றே வரியா?

அம்மாவுக்கு மாத்திரை நேரம். வைக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். பக்கத்து மேசையில் படம் வரைகிறவன், "என்னடா, கோர்ட் நோட்டீஸா?" என்றான். படித்து முடித்ததும், கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

நண்டுக்கு நான் பொறுப்பில்லை. கதை எழுதுவது நான், நண்டு விடுவது வேறு ஒருத்தர். நண்டு அடித்தால்தான் ஆட்கள் வாள் வாங்குவார்கள், வாள் விற்றால்தான் எங்களுக்கெல்லாம் சோறு. இளவரசன் விஷயத்தில் நீ சொன்னது சரி. ஆறாம் அத்தியாயத்தில் அவன் வாயைக் கொஞ்சம் தைத்துவிடுகிறேன்.

மதகுக்காரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இதுவரை நான் எழுதியதிலேயே ஆட்கள் அதிகமாகக் கொண்டாடுகிற காட்சி அதுதான். வேலை நேரத்தில் விளையாடிவிட்டுக் கண்ணைத் துடைக்கக் கழிவறைக்கு ஓடியதாக ஒருத்தர் எழுதியிருக்கிறார். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது, நீ மட்டும் சொத்தை எங்கே என்று தேடுகிறாய். தொழில் புத்தி!

நீ கேட்டது எங்கள் பேச்சில் 'சும்மா நிற்கும் வரி'. விளையாடுகிறவர் எதையும் தொடாமல் இருந்தால், திரையில் இருக்கும் ஆள் பொம்மை மாதிரித் தெரியாமலிருக்க ஏதாவது பேச வேண்டும். ஆளுக்கு மூன்று வரி என்று கணக்கு. வேலை முடிகிற நேரத்தில் அவசரமாக எழுதித் தள்ளுவோம். யாரும் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. இந்த ஊர் உலகத்திலேயே அதை உட்கார்ந்து கேட்டவள் நீ ஒருத்திதான்.

மதகுக்காரி நீ இல்லை, அக்கா. அந்த மூன்று வரி மட்டும் உன்னுடையது, அதை மறைக்கவில்லை. நான் முதல் வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று நீ சொன்னது. சிரித்துக்கொண்டே சொன்னாய். பார்த்ததைத்தானே எழுத முடியும்?

இன்னொரு கூத்து கேள். அடுத்த அத்தியாயத்தில் அவளை ஆவியாகத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறார் மேலாளர். ஜரிகை உடுப்பு போட்டு விற்கலாமாம். "செத்தவளுக்கு எதுக்கு சார் ஜரிகை?" என்றேன். "உயிரோட இருக்கிறப்ப யாரும் வாங்க மாட்டாங்கப்பா" என்றார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

சிரித்தேனா? சிரித்தேன்தான். பஸ் ஏறிவிட்டவனைப் பார்த்து வேறு என்ன செய்வார்கள்? வீட்டுக்கு வந்து, அம்மாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போது அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்த புதிது. சத்தம் கேட்டால் பயந்துவிடுவாளே என்றுதான் குழாய். பார்த்ததை எழுதினாயாம். பஸ் வளைவு திரும்பியதோடு உன் பார்வை முடிந்துவிட்டது.

இதையும் கேட்டுக்கொள். அதே மாதம்தான் எங்கள் டாக்டரம்மா என்னை ஒரு படிப்புக்குப் போகச் சொன்னார். விபத்திலும் வியாதியிலும் முகத்தில் ஒரு பகுதியை இழந்தவர்களுக்குச் செயற்கைக் காது, மூக்கு, கண் செய்கிற படிப்பு. "பல்லோட நிக்காதேம்மா, உன் கைக்கு முகமே வரும்" என்றார். ஒரு வருஷம் வெளியூரில் தங்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது மறுபடி கேட்கிறார். ஜூனில் ஆரம்பம், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் போனால் வயது வரம்பு தாண்டிவிடும், இதுதான் கடைசி. எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குச் சொன்னால் புரியாது. செத்துப்போன நிறத்து மெழுகில் ஒரு காது செதுக்கி, சிலிக்கானில் வார்த்து, அது உயிருள்ள தோலோடு ஒட்டுகிற மாதிரி நிறம் ஏற்றுவதைக் காணொளியில் பார்த்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. அப்படியும் முடியாது என்றுதான் சொல்லப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன்.

உன் அத்தியாயத்தின் பெரிய குறையை முதல் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். எதை எடுத்தாலும் விளையாடுகிறவனைக் கேட்கிறாய். ஆட்டை வாங்கலாமா, வேண்டாமா? வில்லனோடு பேசலாமா, அடிக்கலாமா? அந்த மதகுக்காரியிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. அவளாகவே போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறாள், உடனே எல்லாருக்கும் கண்ணீர் வந்துவிடுகிறது. கன்றுக்குட்டி கனத்துக்கு ஒரு வாளைச் சுழற்றுகிறானே உன் கதாநாயகன், அந்தச் சக்கரத்தை அவன் ஏன் பிடிக்கவில்லை?

அக்கா


மார்ச் 8

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எத்தனையோ முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. முன்பே சொல்லியிருந்தால் நான் என்ன கல்லா? மூச்சுக்கு முந்நூறு தரம் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பவள் நீ. அழுவதையும் குழாயைத் திறந்துவிட்டு அழுதால் எனக்கு எப்படிக் கேட்கும்? சரி, விடு. கேட்டிருக்க வேண்டியவன் நான். அதுவும் தெரிகிறது.

உன் கேள்வியை அப்படியே ஆபீஸ் கூட்டத்தில் போட்டேன். "சக்கரத்தை ஹீரோ ஏன் பிடிக்கல?" படம் வரைகிறவன்தான், "ஹீரோ போனாத்தானே கதை நகரும்" என்றான். "அப்ப அந்த அக்காவுக்குக் கதை இல்லையா?" என்றேன். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நன்றாக ஓடுகிற காட்சியில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டார். காட்சியை மாற்ற முடியாது.

ஆனால் சும்மா நிற்கும் வரிகளை யாரும் சரிபார்ப்பதில்லை. அவை என் கையில்தான் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றைச் செருகினால் யாருக்கும் தெரியாது. அவள் என்ன சொல்வாள்? நீயே சொல்லு.

இன்னொன்று. வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறேன். எழுத்து வேலைதானே, எங்கே உட்கார்ந்து எழுதினால் என்ன? பதில் வரவில்லை. அதுவரை டாக்டரம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிடாதே. எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இடது பக்கம். நல்ல கை அதுதான், அவள் உன்னைப் பிடித்துக்கொள்வாள். நீ அவளை இழுக்காதே. அவள் கேட்பதற்கு முன்னால் உதவி செய்தால் திட்டுவாள், கேட்ட பிறகு தாமதித்தாலும் திட்டுவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி உண்டு, போகப் போகப் பிடிபடும். கசப்பு மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு முழுங்கிய மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். ஏதாவது கேள்வி கேட்டுப் பேச வை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்துப் பேசியதெல்லாம் வீண். "போயேன்டி! என்னை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவனா வரான்? தண்ணியக்கூடத் தானா மொண்டு குடிக்க மாட்டானே. நான்தான் அவனைப் பாத்துக்கணும் போல" என்றாள். முகத்தில் ஒரு மலர்ச்சி. எனக்கு வயிறு எரிந்தது.

உண்மையைச் சொல்லட்டுமா? நீ வருகிறேன் என்று எழுதியதும் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. யாரும் வர முடியாது என்பதால்தான் என்னால் போக முடியவில்லை என்று இத்தனை வருஷமாக நிம்மதியாக இருந்தேன். இப்போது அந்தச் சாக்கும் போய்விடும் போலிருக்கிறது. இந்த வயதில் போய், கூடப் படிக்கிற சின்னப் பிள்ளைகள் முன்னால் கை நடுங்கினால்? மற்றவர்கள் செய்கிற காதெல்லாம் நிற்க, நான் செய்தது மட்டும் கீழே விழுந்தால்?

நான்காவது வரியை என்னிடம் கேட்காதே. எழுதுகிறவன் நீதான். பல் கட்டுவதற்கு நான் யோசனை கேட்டேனா உன்னிடம்?

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. சம்பளத்தில் கொஞ்சம் வெட்டு, மாதம் ஒருமுறை இரண்டு நாள் ஆபீஸுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். அந்த இரண்டு நாளும் அம்மாவோடு இருக்க எதிர்வீட்டு மாமி ஒத்துக்கொண்டார், போனில் பேசிவிட்டேன். மே கடைசியில் வருகிறேன்.

டாக்டரம்மாவிடம் இன்றைக்கே போய்ச் சரி என்று சொல். நாளைக்கு என்று தள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும்.

தம்பி


ஜூலை 14

அக்காவுக்கு,

வீட்டிலிருந்து உனக்குக் கடிதம் எழுதுவது விசித்திரமாக இருக்கிறது. உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு இழுப்பறை நிறையப் பல் மாதிரிகள். முதல் நாள் பேனா தேடித் திறந்துவிட்டு அலறிவிட்டேன்.

போனில் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றுதான் சொல்கிறேன். உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான். நல்லபடியாகத்தான் போகிறது, ஆனால் முதல் வாரம் நடைவண்டியைத் தவறான பக்கம் வைத்து, அம்மா அழுக்குத் துணிக் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை, அவளைத் தூக்கத் தெம்பும் இல்லை. எதிர்வீட்டு மாமி வந்து தூக்கினார். அந்த ஒரு நொடி இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மாத்திரை விஷயம் பிடிபட்டுவிட்டது. மாத்திரையை வாயில் போட்டதும் ஆறாம் அத்தியாயக் கதையைச் சொல்லி, "அப்புறம் என்ன ஆச்சுன்னு நினைக்கிறே?" என்று நிறுத்துகிறேன். வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

நண்டுகளைக் குறை சொன்னாயே. அம்மா இப்போது உப்புக்கோட்டை விளையாடுகிறாள். கதை அவளுக்கு வேண்டாம், நண்டு போதும். வலது கை ஆள்காட்டி விரலால்தான் அடிக்க வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்லிவிட்டாள். மூன்று வாரத்தில் விரல் நிமிர்கிறது. "சாவுடா, சாவு" என்று அவள் போடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. அந்த நண்டு விட்டவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

சில நேரம் சாயங்காலத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. மூடிய வீடு, அதே ஜன்னல், அதே எதிர்ச்சுவர். நான் வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது. நீ எப்படி இருந்தாய் என்று கேட்கவில்லை. கேட்டால் "நல்லாத்தான் இருந்தேன்" என்பாய்.

ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போன வாரம் ஒரு சின்னத் திருத்தம் வெளியாகியிருக்கிறது. மதகுக்காரியின் ஜரிகை உடுப்பையும் தடுத்துவிட்டேன், கொஞ்சம் சண்டை போட்டுத்தான். நேரம் கிடைத்தால் மறுபடி அந்த இடத்துக்குப் போய்ச் சும்மா நில். அவசரமில்லை.

தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

இன்றைக்கு நான் செய்த முதல் காதை ஒருத்தர் மாட்டிக்கொண்டு, கழற்றாமலே வீட்டுக்குப் போனார். ஒரு லாரி ஓட்டுநர். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இனிமே மூக்குக்கண்ணாடி நிக்கும்ல?" என்றுதான் கேட்டார். நிற்கும் என்றேன். கை நடுங்கத்தான் செய்கிறது. கூடப் படிக்கிற சின்னப் பெண் ஒருத்தி, "எனக்கும்தான் நடுங்குது, வாங்க டீ குடிக்கலாம்" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் மதகுக்குப் போய் நின்றேன். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். போ, நான் பாத்துக்கறேன் என்றாள். என்னைப் பத்திக் கவலைப்படாதே என்றாள். நேரமாகுது பாரு, கிளம்பு என்றாள். அதற்கப்புறம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மழைச் சத்தம் மட்டும்.

"இந்தா, இதைக் கொஞ்சம் பிடி."

மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் கிளம்பிய காலையில் வாசலில் நின்று உன்னிடம் சொன்னது அது. செருப்பு வாரை மாட்டக் குனிய வேண்டியிருந்தது, அம்மாவின் கையை உன் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். அதைத் தவிர வேறு எந்த அர்த்தத்திலும் சொல்லவில்லை. வாரை மாட்டி நிமிர்ந்தபோது நீ கையை விடவில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். இந்தத் தடவை பார்த்ததை ஒழுங்காக எழுதியிருக்கிறாய்.

அதோடு முடிந்துவிட்டது என்று போனை எடுக்கப் போனேன். அப்போது அவன் பேசினான். இத்தனை நாள் அந்த இடத்தில் வாயையே திறக்காத உன் கதாநாயகன்.

"போக்கா, நான் பாத்துக்கறேன்."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். குழாயைத் திறக்கவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்ட பெண் பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணும் ஆகல. என் தம்பி எழுதினது" என்று சொல்லிப் போனைக் காட்டினேன். அவளையும் மதகு முன்னால் நிற்க வைத்துவிட்டேன்.

விமர்சனம் என்று வந்தால் குறை சொல்லாமல் விட முடியாதே. அவன் அப்படிச் சொன்ன பிறகும் படத்தில் அவள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறாள். உங்கள் ஆபீஸில் காட்சியை மாற்ற விடமாட்டார்கள், தெரியும்.

பரவாயில்லை, நான் கிளம்பிவிட்டேன்.

அக்கா